புதுப்பிப்பு: மின்வெட்டின்போது வீட்டாரே லினக்ஸ் கணினியை நிறுத்தும் வழி

பாம்பனில் மின்சாரம் போய் யுபிஎஸ் ஒலிக்கத் தொடங்கும்போது, நான் வீட்டில் இல்லாவிட்டாலும் அம்மா லினக்ஸ் கணினியைப் பாதுகாப்பாக நிறுத்த வழி கேட்டிருந்தேன். உதவிய அனைவருக்கும் நன்றி.

பவர் பொத்தானையே பயன்படுத்தலாம் என்ற யோசனைதான் பலித்தது. க்னோம் (லினக்ஸின் திரை இடைமுகம்) அமைப்புகளில் அப்பொத்தானின் செயலை 'பவர் ஆஃப்' என மாற்றியபின், ஒருமுறை அழுத்தினால் உறுதி கேட்கும் பெட்டி தோன்றுகிறது. எதையும் தொடாவிட்டாலும் 60 நொடியில் கணினி முறைப்படி நின்றுவிடுவதால், திரையிலுள்ள ஆங்கிலத்தை அம்மா படிக்க வேண்டியதே இல்லை.

எதிர்பாராத ஒன்று: அம்மாவின் கணக்கோடு அதே கணினியில் என் கணக்கும் திறந்திருந்தால் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கிறது. யாருக்கு எந்த அனுமதி என்பதை முடிவுசெய்யும் போல்கிட் என்ற மென்பொருளின் விதியில், பலரின் கணக்குகள் திறந்திருக்கும்போதும் கணினியை நிறுத்தவிடும் 'பவர்-ஆஃப்-மல்டிபிள்-செஷன்ஸ்' அனுமதியை அம்மாவின் கணக்குக்கு வழங்கியதும் அது தீர்ந்தது.

பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் கணினி திடீரென அணைந்து கோப்புகள் கெடக்கூடும் என்பதால், "லேசா அழுத்திட்டு உடனே கையை எடுத்துரும்மா" என்று சொல்லியிருக்கிறேன்.