ஸ்வீட் கடை சைட்ல விலைப்பட்டியல் படமா இருக்கு, பார்வை கம்மியானவங்க எப்படி படிப்பாங்க?

பாலாத்தங்கரை:
ஆற்காட்டுல ஒரு ஸ்வீட் கடைக்கு சைட் பண்ணி குடுத்திருக்கேன். மக்கன் பேடால இருந்து மிக்சர் வரைக்கும் மொத்த விலையும் ஒரே ஜேபெக் படம், பிளெக்ஸ் பேனருக்கு போட்ட டிசைனையே ஓனர் அனுப்பிட்டாரு, சிவப்புல மஞ்ச எழுத்து. போன வாரம் வாலாஜால இருந்து ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா போன் பண்ணி, எனக்கு கிளாக்கோமா தம்பி, பெருசு பண்ணாலும் 340ஆ 840ஆன்னு தெரியலையேன்னாங்க. ஆல்ட் டெக்ஸ்ட், அதான் படத்துல என்ன இருக்குன்னு கோடுல மறைவா எழுதற விவரம், அது போட்டுதான் வெச்சிருக்கேன், இன்னும் இன்னா பண்றது? படத்தை பெரிய சைஸ்ல ஏத்தினா போதுமா?

காட்பாடி ஜங்ஷன்:
போதாது ப்ரோ. ஆல்ட் டெக்ஸ்ட் என்விடிஏ, டாக்பேக் மாதிரி திரையில இருக்கறதை வாசிச்சு சொல்ற சாப்ட்வேர் வெச்சு காதால கேக்கறவங்களுக்கு. அந்தம்மா கண்ணால படிக்க பாக்கறாங்க, அவங்களுக்கு அது தெரியவே தெரியாது. சைட்டை எல்லாரும் படிக்கற மாதிரி பண்றதுக்கு டபிள்யூசிஏஜின்னு ஒரு உலக விதித்தொகுப்பு இருக்கு, அதுல 1.4.5னு ஒரு விதி 2008லருந்து இருக்கு, லோகோ மாதிரி வேற வழியில்லாததை தவிர எழுத்தை படமா போடாத, எழுத்தாவே போடுன்னு. விலைப்பட்டியல்தானே, டேபிளா அடிச்சுடு. அப்புறம் கலர். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்தான் கான்ட்ராஸ்ட், சின்ன எழுத்துக்கு அது 4.5க்கு 1 வேணும், பெரிய எழுத்துக்கு 3 போதும். சுத்த சிவப்பு மேல சுத்த மஞ்ச 3.7தான் வருது, பேனர்ல பளிச்சுனு தெரியறதால யாரும் நம்ப மாட்டாங்க. அந்த சிவப்பை மெரூன் ஆக்கினா 10ஐ தாண்டிடும்.

அரைக்கண்ணு:
எனக்கும் பார்வை கம்மிதான், அனுபவத்துல சொல்றேன். படத்தை பெருசு பண்ணா முதல்ல காணாம போறது புள்ளிதான், லட்டு லடடுன்னு நிக்கும், எழுத்தை சுத்தி புகை மாதிரி ஒண்ணு வரும். பேர் இந்த கோடியில விலை அந்த கோடியில, விரலால தள்ளிகினு போறதுக்குள்ள எந்த வரின்னே மறந்துடும். ஐபோன்ல ஸ்மார்ட் இன்வெர்ட் வெச்சா சைட் பூரா கருப்பா மாறும், படம் மட்டும் மாறாம கண்ணை கூசும். நான் அப்படிப்பட்ட கடைக்கு போனே பண்ண மாட்டேன், மூடிட்டு வேற கடை. அந்தம்மா கூப்பிட்டு சொன்னாங்களே, பெரிய விஷயம்.

சத்துவாச்சாரி டிசைனர்:
ஓனர் பேனர் லுக்தான் வேணும்னு அடம் பிடிப்பாரு, எல்லாரும் அப்படித்தான். பூ, பார்டர், பேடா போட்டோ இதெல்லாம் பின்னாடி படமா வெச்சிட்டு, மேல ஒரு கருப்பு பட்டை போட்டு எழுத்தை சைட்டோட டிசைன் கோடு சிஎஸ்எஸ்ல வை, நோட்டோ சான்ஸ் தமிழ் போல்டு பான்ட் நல்லா நிக்கும். இன்னொண்ணு, பேனர் பைல்ல இருக்கற தமிழ், இங்கிலீஷ் எழுத்து இடத்துல தமிழ் உருவம் வெச்ச பழைய பாமினி பான்ட்டா இருந்தா அப்படியே காப்பி பண்ணாத, சைட்ல இங்கிலீஷ் எழுத்தா கொட்டும். என்எச்எம் கன்வெர்டர்ல, எங்கயும் தமிழாவே தெரியற யூனிகோடா மாத்திட்டு ஒட்டு.

பாலாத்தங்கரை:
பாமினியேதான் அண்ணே, நல்ல வேளை சொன்னீங்க. நேத்து ராத்திரி உக்காந்து டேபிளா மாத்திட்டேன், மெரூனுக்கு ஓனர் மூஞ்சை சுளிச்சாரு, அப்புறம் அவரே கண்ணாடியை கழட்டிட்டு பாத்துட்டு சரி விடுன்னாரு. டீச்சரம்மாவுக்கு லிங்க் அனுப்பினேன். 340ன்னு கரெக்டா படிச்சாங்க, ஏன்பா இவ்ளோ விலைன்னாங்க.