ரொட்டி, சம்பல், சாயத்தண்ணி: உங்க வீட்டு சாப்பாட்டுல எத மாத்தி பலன் கண்டீங்கன்னு சொல்லுங்க

பொகவந்தலாவ தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அண்ணிக்கு புள்ள பொறந்து ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, இப்பதான் ஆறுதலா ஒக்காந்து எழுத முடியுது. நம்ம மலையகத் தேயிலைத் தோட்டப் பக்கம் இருக்கிற எல்லா வீட்டுக்கும் இது போய்ச் சேரணும்னு ஆச.

அண்ணி கொழுந்து எடுக்கிறவங்க. ரெண்டாவது புள்ள வயித்துல இருக்கப்ப நாலாவது மாசத்துலயே ஏத்தம் ஏற ஏலல, நடுவுல நடுவுல ஒக்காந்துருவாங்க, பீலிக்கரையில இருந்து ஒரு வாளி தண்ணி தூக்கிட்டு வந்தாலே நெஞ்சு படபடன்னு அடிக்கும். அம்மா "வயித்துப் புள்ளக்காரின்னா அப்பிடித்தான் இருக்கும், நாங்கெல்லாம் பெறலயா"ன்னு சொல்லிட்டாங்க. கிளினிக்ல ரத்தம் எடுத்துப் பாத்தா ஹீமோகுளோபின் 8.9. கர்ப்பிணித் தாய்க்கு 11க்கு கீழ போனாலே ரத்தசோகை. இத்தனைக்கும் இரும்புச்சத்து மாத்திரைய ஒரு நாள் கூட விடாம குடிச்சிக்கிட்டுத்தான் இருந்தாங்க.

அடுத்த கிழம மிட்வைப் மிஸ்ஸி வீட்டுக்கே வந்துட்டாங்க. குசினியில பலகை போட்டு ஒக்காந்து, கார்ட்ட வாங்கிப் பாத்து, அண்ணியோட கீழ் இமைய இழுத்துப் பாத்தாங்க, உள்ள வெள்ளையா இருந்திச்சு. "மாத்திரைய எதோட குடிக்கிறீங்க"ன்னு கேட்டாங்க. அண்ணி சாதாரணமா "ராத்திரி ரொட்டி தின்னுட்டு சாயத்தண்ணியோட மிஸ்ஸி"ன்னாங்க. மிஸ்ஸி ஒண்ணும் ஏசல. ஒரு கிளாஸ்ல கொஞ்சம் சாயத்தண்ணி (பால் ஊத்தாத வெறும் தேத்தண்ணி) ஊத்தச் சொல்லி, ஒரு மாத்திரைய கரண்டியால நுணுக்கி அதுல போட்டு கலக்கி வச்சாங்க. செவப்பா இருந்த சாயம் கொஞ்ச நேரத்துல மை மாதிரி கறுத்திருச்சு. தேயிலையில இருக்கிற தொவர்ப்புதான் இரும்போட சேந்து இப்பிடி கட்டிக்குது, வயித்துக்குள்ளயும் இதேதான் நடக்குது, கட்டிக்கிட்ட இரும்பு ரத்தத்துல சேராம வெளிய போயிரும்னு சொன்னாங்க. மாத்திரைக்கு மட்டும் இல்ல, பருப்பு, கீரை, ரொட்டி மாவுல இருக்கிற இரும்புக்கும் அதே கதிதான், சாப்பாட்டோட சாயத்தண்ணி குடிச்சா ஒடம்புல சேர வேண்டியதுல பாதிக்கு மேல வீணாப் போகுதாம்.

தேத்தண்ணிய நிறுத்துங்கன்னு மிஸ்ஸி சொல்லவே இல்ல. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவுல ஒரு மணி நேரம் விடுங்க, அவ்வளவுதான்னாங்க. பெறகு எங்க வீட்ல காலையில எந்திரிச்ச ஒடனே சாயத்தண்ணி, அது முடிஞ்சு தண்ணி எடுத்து புள்ளைய வெளிக்கிடுத்தி எல்லா வேலையும் முடிச்சிட்டு ரொட்டி. ரொட்டிக்கு தொட்டுக்க கட்டசம்பலோட பருப்பையும் தண்ணியா வச்சோம், அப்பதான் தொண்டையில விக்காம எறங்கும். மாத்திரைய படுக்கப் போறப்ப தேசிக்காய்த் தண்ணியோட. பிரசவத்துக்கு முந்தி பாத்தப்ப 11.2 இருந்திச்சு. சத்தியமா சொல்றேன், வேற எந்த டொனிக்கும் நாங்க வாங்கல.

உங்க வீடுகள்ல இந்த மாதிரி மாத்தி பலன் கண்டது என்னா? எழுதுங்க, நாலு பேருக்கு ஒதவும்.

தலவாக்கலை அண்ணன்:

தம்பி, நல்ல விசயம்தான், ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க. தேயிலைதான் நமக்கு சோறு போடுது, நம்மளே தேத்தண்ணி கெடுதின்னு எழுதினா எப்பிடி? எங்க அப்பா எண்பது தாண்டியும் ஒரு நாளைக்கு அத்தன கோப்பை குடிச்சவரு.

பொகவந்தலாவ தம்பி:

அண்ணே, கெடுதின்னு நான் சொல்லவே இல்லையே. எங்க வீட்ல இன்னைக்கும் தேத்தண்ணி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நேரத்த மாத்துங்கன்னு மட்டும்தான் சொல்றேன். அதுவும் ஆம்பளைங்களுக்கு இது அவ்வளவா தெரியாது, மாசா மாசம் ரத்தம் போறது பொம்பளைங்களுக்குத்தான், வயித்துல புள்ள இருந்தா இன்னும் கூட வேணும். உங்க அப்பா நல்லா இருந்ததுல சந்தோசம் அண்ணே, ஆனா உங்க வீட்டு பொம்பளப் புள்ளைங்கள ஒருக்கா ரத்தம் பாக்கச் சொல்லுங்க.

தலவாக்கலை அண்ணன்:

சரி தம்பி, விளங்குது. மகளுக்கு தலச்சுத்து இருக்கு, கூட்டிட்டுப் போறேன்.

மஸ்கெலியா சின்னம்மா:

நான் பிள்ளை மடுவத்துல, அதான் தாய்மார் வேலைக்குப் போறப்ப புள்ளைங்கள பாத்துக்கிற எடத்துல, ஆயாவா வேல செஞ்சு ஓய்வு எடுத்தவ. மகன்தான் டைப் பண்ணித் தர்றான், நான் சொல்லச் சொல்ல.

கைப்புள்ளைக்கு போத்தல்ல சாயத்தண்ணி ஊத்தி சூப்பிய மாட்டி விட்டுட்டுப் போற தாய்மார எத்தனையோ பேர பாத்திருக்கேன். தாய குத்தம் சொல்ல மனசு வராது, காலையில வேலைக்கு பேர் குடுக்கிற பெரட்டுக்கு நேரமாச்சு, பால்மா வெல அப்பிடி, புள்ள அழுகைய நிப்பாட்டணும். ஆனா அந்தப் புள்ளைங்கதான் நிறுக்கிறப்ப எடை கொறைஞ்சு, எப்பவும் மடியிலயே சாஞ்சிக்கிட்டு, வெளையாடாம கெடக்கும். நான் தாய்மார்கிட்ட கெஞ்சிக் கேப்பேன், ஆறு மாசம் முடியிற வரைக்கும் தாய்ப்பால் மட்டும் குடுங்க, பெறகு சோத்த நல்லா மசிச்சு பருப்பு, நெத்தலி பொடி, கொஞ்சம் கீர போட்டுக் குடுங்க, தேத்தண்ணி மட்டும் வேணாம்னு.

திரிபோஷ பத்தியும் சொல்லணும். 1973லயே தொடங்கின திட்டம் அது, சோளம், சோயா, பால்மா எல்லாம் சேந்தது, எடை கொறைஞ்ச புள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் பால் குடுக்கிற தாய்க்கும் கிளினிக்ல குடுக்கிறது. நம்ம வீடுகள்ல அத பெரியவங்களும் சேந்து ஆளுக்கு ஒரு உருண்டைன்னு திங்கிறதுல, யாருக்காக குடுத்தாங்களோ அந்தப் புள்ளைக்கு கெடைக்கிறது ரெண்டு நாளைக்குத்தான். புள்ளைக்குன்னு தனி டின்ல போட்டு வைங்க. கருப்பட்டி கொஞ்சம், தேங்காப்பூ கொஞ்சம் போட்டு பெசஞ்சு சின்னச் சின்னதா உருட்டிக் குடுத்தா எந்தப் புள்ளையும் வேணாங்காது.

இன்னொன்னு, இது மனசுல ரொம்ப நாளா இருக்கிறது. 73, 74 பஞ்சத்துல தோட்டத்துல எத்தனையோ பேர் பட்டினியில போனாங்க, நான் அப்ப சின்னப் புள்ள. ரோட்டோரத்துல மொளைச்ச கீரை, மரவள்ளிக் கெழங்கு, கெடைச்சதத்தான் அவிச்சுத் தின்னோம். அதுல இருந்து பாத்தீங்கன்னா நம்ம ஆளுங்களுக்கு கீரைன்னாலே பஞ்சத்துச் சாப்பாடுங்கிற மாதிரி ஒரு கூச்சம் வந்திருச்சு. சொந்தக்காரங்க வந்தா கீரைய ஒளிச்சு வச்சிட்டு சோயா மீட் ஆக்குவாங்க. ஸ்கூலுக்கு கீரையும் சோறும் கட்டிக் குடுத்தா புள்ள தொறக்காம திருப்பிக் கொண்டாந்துரும். அந்தக் கூச்சம் போகணும். லயத்துக்குப் பின்னால வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் சும்மா கெடக்குது, வல்லாரைய பொடியா அரிஞ்சு தேங்காப்பூ, சின்ன வெங்காயம், பச்ச மொளகா போட்டு தேசிக்காய் புழிஞ்சு ஒரு சம்பல் போடுங்க. அந்தப் புளிப்புதான் கீரையில இருக்கிற இரும்ப ஒடம்புக்கு எடுத்துக் குடுக்குது. நிலத்துல பரவுற கீரைங்கிறதால உப்புத் தண்ணியில ரெண்டு மூணு தரம் அலசிட்டுச் செய்யுங்க.

புள்ளைங்க காலுக்கு செருப்பும் முக்கியம். கொக்கிப்புழு கால் வழியாத்தான் ஏறும், ஏறி கொடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தத்த உறிஞ்சும். பூச்சி மருந்து குடுக்கிற அன்னைக்கு புள்ளைய ஸ்கூலுக்கு மறிச்சிராதீங்க.

கந்தப்பளை விவசாயி:

சின்னம்மா சொன்னது நெஞ்சுல பட்டிருச்சு. நாங்க மரக்கறி செய்யிறவங்க, லீக்ஸ், கேரட், கோவா, பீட்ரூட். நல்ல சரக்கெல்லாம் விடியக்காலம் லொறியில ஏறி நுவரெலியாவுக்கும் தம்புள்ளைக்கும் போயிரும், வீட்டுக்கு வர்றது ஒடைஞ்ச கேரட்டும் வெடிச்ச கோவாவும், அதுல சத்துக்கு ஒரு கொறையும் இல்ல, நல்லா தின்னலாம். நான் சொல்ல வந்தது எலையப் பத்தி. பீட்ரூட் எலை, நோக்கோல் எலை எல்லாத்தையும் மாட்டுக்குப் போட்டுட்டு, டவுன்ல போயி கீரை கட்டு காசு குடுத்து வாங்கிட்டு வர்றாங்க. பீட்ரூட் எலைய பொடியா அரிஞ்சு, சட்டி சூடானதும் போட்டு, கொஞ்சம் தேங்காப்பூவும் மஞ்சளும் சேத்து ரெண்டு பெரட்டு பெரட்டி எறக்குங்க, அரை மணி நேரம் வேக வச்சா கறுத்து கொழகொழன்னு ஆகி சத்தும் போயிரும். சௌசௌ கொடி வேலியில படந்து கெடக்கும்ல, அதோட நுனித் தளிரையும் சுண்டிப் பாருங்க, அப்பிடி ஒரு ருசி.

ஒரு எச்சரிக்கை மட்டும். மருந்து அடிச்ச தோட்டத்து எலைய, போத்தல்ல போட்டிருக்கிற நாள் கணக்கு முடியாம யாரும் திங்காதீங்க. எங்க வீட்டுக்குன்னு நாங்க மூணு பாத்தி தனியா விட்டிருக்கோம், அதுல மருந்தே படாது, சாணி எருவும் சாம்பலும்தான்.

பதுளை அக்கா:

நான் சீனியப் பத்தி சொல்றேன். ஒரு கோப்பைக்கு ரெண்டு தேக்கரண்டின்னு அஞ்சு கோப்பை குடிச்சா பத்து தேக்கரண்டி, நாப்பது கிராமுக்கு மேல. உலக சுகாதார அமைப்பு ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு கிராமுக்குள்ள இருந்தா நல்லதுன்னு சொல்லுது. எங்க வீட்டுக்காரருக்கு சுகர்னு தெரிஞ்சப்ப கோப்பையில சீனி போடுறத விட்டுட்டு கித்துள் கருப்பட்டி ஒரு சின்னத் துண்டு கடிச்சிக்கிட்டு குடிக்கத் தொடங்கினாரு. கருப்பட்டியும் சீனி வகைதான், அதுல மந்திரம் ஒண்ணும் இல்ல, ஆனா கொஞ்சூண்டுல வாய்க்கு போதும்னு ஆயிருது. இப்ப வெறும் சாயத்தண்ணியே பழகிட்டாரு. சோடா போத்தல் வாங்குறவங்க அதுல இருக்கிற வட்டத்தப் பாருங்க, 2016ல இருந்து செவப்பு, மஞ்சள், பச்சைன்னு போட்டு வருது, செவப்புன்னா சீனி கூடன்னு அர்த்தம், அத புள்ளைங்களே பாத்து சொல்லிருவாங்க.

நெத்தலி, கருவாடு ஆக்குறவங்க முந்தி சுடுதண்ணியில ஊறப் போட்டு அந்தத் தண்ணிய கொட்டிருங்க, கறிக்கு வேற உப்பும் போடாதீங்க. பிரஷர் உள்ள வீட்டுக்கு இது ரொம்ப முக்கியம்.

நுவரெலியா தங்கச்சி:

கடல, பயறு பத்தி யாரும் சொல்லலையே. எங்க பக்கம் ஒசரம் கூட, அதனால தண்ணி 100 பாகைக்கு முந்தியே, கிட்டத்தட்ட 94லயே கொதிச்சிரும், அதான் கடல எவ்வளவு நேரம் போட்டாலும் கல்லாட்டம் கெடக்குது. வெறகும் காஸும் இப்ப விக்கிற வெலையில நான் ராத்திரியே ஊறப் போட்டுருவேன். பச்சப்பயற ஊற வச்சு துணியில கட்டி வச்சா இந்தக் குளிர்ல மொளைக்க ரெண்டு நாள் எடுக்கும், அடுப்புக்குப் பக்கத்துல வச்சா சீக்கிரம் வரும். ஊறவச்சு மொளை கட்டுனா பயத்துல இருக்கிற இரும்பும் நல்லா சேரும்னு எங்களுக்கு கிளினிக்ல சொல்லிக் குடுத்தாங்க. ஸ்கூல் விட்டு வர்ற புள்ளைங்களுக்கு பணிஸ்ஸுக்கு பதிலா இதத்தான் அவிச்சுக் குடுக்கிறேன், தேங்காச்சில்லு ரெண்டு போட்டு.

ராகலை தங்கச்சி:

அண்ணா, நான் இப்ப அஞ்சாவது மாசம், மலையில வேல. பகல் சாப்பாட்டுக்கு கெடைக்கிற நேரமே கொஞ்சம், ரொட்டியும் போத்தல்ல சாயத்தண்ணியும்தான் கொண்டு போறோம், ஒரு மணி நேரம் கழிச்சு குடிக்க யாரு விடப் போறா? குளிர்ல சூடா ஏதாவது குடிக்காம இருக்கவும் ஏலாது. அதோட எனக்கு கல்சியம் மாத்திரையும் குடுத்திருக்காங்க, எல்லாத்தையும் ஒண்ணா குடிச்சிரலாமா?

பொகவந்தலாவ தம்பி:

தங்கச்சி, ஒண்ணா குடிக்காதீங்க, கல்சியமும் இரும்ப சேர விடாது. எங்க அண்ணிக்கு மிஸ்ஸி கல்சியத்த பகல்லயும் இரும்ப படுக்கப் போறப்பவும் குடிக்கச் சொன்னாங்க, வைட்டமின் சி மாத்திரையும் குடுத்திருந்தா அத இரும்போடயே போடலாம். உங்க மிஸ்ஸிகிட்டயும் ஒருக்கா கேட்டுக்கங்க. மலம் கறுப்பா போகும், பயந்து நிறுத்திராதீங்க, மாத்திரையாலதான் அப்பிடி. வயித்தப் பெரட்டுனாலும் நீங்களா நிறுத்தாம மிஸ்ஸிகிட்ட சொல்லுங்க, வேற மாதிரி பாத்துக் குடுப்பாங்க.

மலைக்கு ஃப்ளாஸ்க்ல கொத்தமல்லித் தண்ணி கொண்டு போங்க, இஞ்சி ஒரு துண்டு தட்டிப் போட்டு, சூடாவும் இருக்கும், ரொட்டியும் எறங்கும். இல்லாட்டி வெறும் சுடுதண்ணி. சாயத்தண்ணிய பின்னேரம் கொழுந்து நிறுத்துட்டு வீட்டுக்கு வந்து குடிங்க, அப்ப ரொட்டி தின்னு ரெண்டு மூணு மணி நேரம் ஆயிருக்கும். அண்ணி ரொட்டிப் பார்சல்லயே ஒரு கொய்யாப்பழத்த வெட்டி வச்சிருவாங்க, ரோட்டோரத்துல காய்க்கிறதுதான், தின்ன கையோட அதையும் தின்னுருவாங்க. அடுத்த கிளினிக்குக்கு போயிட்டு ரத்தம் எவ்வளவுன்னு இங்கயே எழுதுங்க, பாத்துக்கிட்டு இருப்பேன்.