மறுமொழி: ‘கவுண்டர்மார்க்’ – மேற்பொறி?

> ‘எதிர்முத்திரை’ என்றே வைத்துக்கொள்ளலாமே. யாருக்கும் புரியும்.

அன்புள்ள ஐயா,

புழங்கும் காசின் மேல் பிறகு குத்தும் சிறு அடையாளத்தை ஆங்கிலத்தில் ‘கவுண்டர்மார்க்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘மேற்பொறி’யா, ‘எதிர்முத்திரை’யா என்பதுதான் கேள்வி. ‘எதிர்முத்திரை’ புரியும், ஆனால் தப்பாகப் புரியும். ‘எதிர்’ என்றதும் பழைய முத்திரையைச் செல்லாததாக்கக் குத்தியது என்றுதான் தோன்றும். நடந்தது நேர்மாறு.

பண்டைய ஈரானை ஆண்ட பார்த்தியப் பேரரசர் இரண்டாம் ஓரோதெஸின் திராக்மா என்ற வெள்ளிக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. முதல் நூற்றாண்டு, எடை 4 கிராமுக்குள். முன்பக்கம் இடப்புறம் பார்க்கும் அரசர் தலை. தாடி, நெற்றியில் சின்ன மரு. பின்பக்கம் வில்லேந்தி உட்கார்ந்திருக்கும் வீரன், சுற்றிலும் சதுரமாகக் கிரேக்க எழுத்து. இந்தக் காசுகளில் சில கிழக்கே, இன்றைய ஈரான்–ஆப்கானிஸ்தான் எல்லையில் உள்ள சீஸ்தான் பக்கம் புழங்கியபோது, அங்கே ஆண்டவர்கள் அவற்றை உருக்கவில்லை. அரசர் முகத்தைத் தொடாமல், பக்கத்து வெற்றிடத்தில் தலைக்கவசம் அணிந்த குட்டித் தலை ஒன்றைக் குத்தி, இங்கேயும் செல்லும் என்று புழக்கத்தில் விட்டார்கள். ஓரோதெஸ் அப்படியே இருக்கிறார்.

வெறும் ‘முத்திரை’ போதாது. இந்தியாவின் பழைய வெள்ளிக் காசுகளை ‘முத்திரைக் காசு’ என்கிறோம். அவற்றில் முத்திரை இல்லாவிட்டால் காசே இல்லை. இங்கே அது பிறகு வந்து சேர்ந்தது. ‘இடுகுறி’ அழகான சொல்தான், இலக்கணம் முந்திக்கொண்டது.

ஆகவே ‘மேற்பொறி’. காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் சோழரின் புலியைப் பொதிகள் மேல் பொறித்து வெளியே விட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. சீஸ்தானில் காசுக்கு நடந்ததும் அதுதான்.

பொறி என்றால் இயந்திரம் அல்லவா என்று இங்கே ஓர் அம்மையார் கேட்டிருந்தார். கல்லில் பெயர் பொறித்தார்கள் என்று இன்றும் எழுதுகிறோம். ‘மேல்’ சேர்ந்தபின் யாரும் இயந்திரத்தை நினைக்கமாட்டார்கள். முழுக் காசையும் வேறு அச்சில் வைத்து மறுபடி அடிப்பது தனி வேலை. அந்த ‘ஓவர்ஸ்ட்ரைக்’குக்கு ‘மீளச்சு’ என்று வைக்கலாம்.

சேகரிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு கட்டாயம் வேண்டும். மேற்பொறியைச் சேதம் என்று ஒதுக்குகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. பார்த்திய அரசர்கள் பெரும்பாலும் காசில் ‘அர்சகேஸ்’ என்ற குலப்பெயரையே போட்டுக்கொண்டதால், யாருடையது என்று முகத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காசு பிறகு எங்கே போனது என்று சொல்ல இந்தக் குட்டித் தலை ஒன்றுதான் இருக்கிறது.

கலைச்சொல் பட்டியலுக்கு என் வரைவு:

மேற்பொறி (பெ.): புழக்கத்தில் உள்ள காசின் மேல், அதைச் செல்லுபடியாக்கப் பின்னர் குத்திய சிறு அடையாளம். ‘மேற்பொறியிட்ட திராக்மா.’

திருத்தம் இருந்தால் சொல்லுங்கள் ஐயா.