தினமும் தண்ணீர் ஊற்றியும் புல்தரை திட்டுத் திட்டாகக் காய்கிறது (திருத்துறைப்பூண்டி)

கேட்பவர்: திருத்துறைப்பூண்டி

வணக்கம். போன வருடம் வீடு கட்டி முடித்த கையோடு வாசலில் ஒரு சென்ட் அளவுக்குக் கொரியன் புல் பதித்தோம். தை வரைக்கும் பார்க்கவே குளுமையாக இருந்தது. பங்குனி பிறந்ததிலிருந்து அங்கங்கே பழுத்துக் காய்கிறது. தினமும் சாயந்திரம் போர் தண்ணீரை ஹோஸில் பத்து நிமிடம் அடிக்கிறேன். ஆர்.ஓ. கழிவுநீரையும் வீணாக்குவானேன் என்று அதிலேயே ஊற்றுகிறேன். யூரியா இரண்டு கைப்பிடி தூவினேன், இன்னும் மோசமாகிவிட்டது. அடியில் களிமண், மேலே சவுடு அடித்து மேடாக்கிய இடம்.

"வயலில் புல்லைப் பிடுங்கியே என் முதுகு போச்சு, நீ காசு கொடுத்துப் புல் வைக்கிறாயா" என்று அப்பா திண்ணையில் உட்கார்ந்து சிரிக்கிறார். புல்லையே மாற்றிவிடலாமா?

பதில்: நீடாமங்கலம், நர்சரிக்காரர்

தம்பி, யூரியாவை நிறுத்துங்கள். தாகத்தில் கிடக்கிற புல்லுக்கு யூரியா வைத்தால் கருகத்தான் செய்யும். ஆர்.ஓ. கழிவுநீர் வேண்டவே வேண்டாம். போர் தண்ணீரில் இருக்கிற உப்பெல்லாம் திரண்டு வருவது அதில்தான்.

காய்ந்த திட்டில் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரைக் குத்திப் பாருங்கள். நாலு விரல்கடைக்குள் 'டக்'கென்று நின்றால் அடியில் செங்கல் ஜல்லி, சிமென்ட் கட்டி. வீடு கட்டினவர்கள் குப்பையை அங்கேயே மூடிவிட்டுப் போவது வழக்கம்தான். அப்புறம் அந்தப் புல்லைக் கையால் இழுங்கள். பாய் மாதிரி சுருண்டு வந்தால் வேரைப் புழு தின்கிறது. மண் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: மன்னார்குடி

பத்து நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று அளந்தீர்களா? ஒரு சென்ட் நிலத்தில் ஓர் அங்குலம் தண்ணீர் நிற்க ஏறக்குறைய 1,000 லிட்டர் வேண்டும், ஒரு சின்டெக்ஸ் டேங்க் முழுசாக. தினமும் மேலாக நனைத்தால் வேர் மேலேயே நின்றுவிடும், நாலு நாள் வெயிலில் செத்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை, விடிகாலையில், ஆழமாகப் பாய்ச்சுங்கள். களிமண் சீக்கிரம் குடிக்காது. பாதி விட்டு அரை மணி நேரம் பொறுத்து மீதியை விடுங்கள். வெட்டும்போதும் ஒட்ட வெட்டாமல், உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

கேட்பவர்

எல்லாம் பார்த்துவிட்டேன். 15 லிட்டர் வாளி நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. பத்து நிமிடத்துக்கு 130 லிட்டர்தான்! காம்பவுண்டு ஓரத்தில் இரண்டு திட்டிலும் ஸ்க்ரூடிரைவர் இறங்கவில்லை, தோண்டினால் உடைந்த டைல்ஸ். புல் இழுபடவில்லை, புழு இல்லை போல. ஆனால் நடுத் திட்டில் வெள்ளைப் பூப்பு இருக்கிறது. ஜிப்சம் போடச் சொல்கிறார் உரக்கடைக்காரர்.

பதில்: நீடாமங்கலம், நர்சரிக்காரர்

அவசரப்படாதீர்கள். உவர் என்பது உப்பு சேர்ந்த மண், களர் என்பது சோடியம் ஏறி இறுகிப்போன மண். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. களருக்குத்தான் ஜிப்சம். உவர் என்றால் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி இறக்க வேண்டும், அதை ஐப்பசி கார்த்திகை மழை காசில்லாமல் செய்துவிடும். எங்கள் ஊர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்து மண்ணையும் போர் தண்ணீரையும் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

டைல்ஸ் கிடக்கிற இடத்தை ஒரு முழம் தோண்டிச் சுத்தம் செய்து வண்டல் நிரப்புங்கள். கோடையில் புதுப் புல் பதிக்காதீர்கள். ஆவணியில் வைத்தால் அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும்.

பதில்: வேதாரண்யம்

எங்கள் பக்கம் உப்புத் தண்ணீர்தான். கொரியனோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய் அருகம்புல்லுக்கு மாறினேன். கோடையில் வைக்கோல் நிறமாகிவிடும், செத்துப்போகாது. இரண்டு மழையில் துளிர்த்துவிடும். ஓரங்களில் பொடுதலை விட்டிருக்கிறேன், அதை வெட்டும் வேலைகூட அவ்வளவாக இல்லை. ஒரு சென்ட் முழுக்கப் புல் எதற்கு? மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது வாசலுக்கு வாரம் ஒரு டேங்க் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை.

கேட்பவர்

நீங்கள் சொல்வதும் சரிதான். பாதியைக் குறைத்துவிட்டேன். திண்ணைக்கு எதிரே இருப்பதை மட்டும் காப்பாற்றுகிறேன், வாரம் 500 லிட்டர். ஆவணி வரை பொறுக்காமல் அப்பாவே வரப்பிலிருந்து அருகம்புல் ஒரு கூடை பெயர்த்துவந்து ஓரத்தில் ஊன்றிவிட்டார். கூடவே கோரையும் வந்து முளைத்திருக்கிறது. பிடுங்கப் பிடுங்க வருகிறதே?

பதில்: மன்னார்குடி

பிடுங்கினால் தழைதான் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே இருக்கும். மண் ஈரமாக இருக்கும்போது களைக்கொத்தால் கிழங்கோடு தோண்டி எடுங்கள். அப்பாவுக்குத் தெரியாததா, கேளுங்கள்.