ஐஇஎல்டிஎஸ் (வெளிநாட்டில் படிக்க, குடியேற எழுதும் ஆங்கிலத் தேர்வு) ரைட்டிங்: மறக்க முடியாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

ஈசூன்வாசி
படிக்கப் போகிறவர்களுக்கான அகடமிக் வகை, டாஸ்க் 2 கட்டுரை. தேர்வுக்கு முந்தைய சனிக்கிழமை, சிங்கப்பூர் விக்டோரியா தெரு நூலகம். பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கலாமா என்ற கேள்விக்கு எழுதி முடித்துவிட்டுச் சொற்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எதிரே சீன நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவர் தாளைக் காட்டு என்று கை நீட்டினார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவராம். பென்சிலை எடுத்து, டியூஷனில் மனப்பாடம் செய்ய வைத்த வரிகளை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொண்டே வந்தார். "இது இன்று பரவலாக விவாதிக்கப்படும் விஷயம்", "இரு தரப்பிலும் நியாயம் உண்டு" வகையறா. எப்படித்தான் கண்டுபிடித்தாரோ, ஒன்றைக்கூட விடவில்லை. வெளியே மிஞ்சியது நாலே வரி.

"நீ பஸ்ஸில் போகிறவனா?" என்றார். ஆமாம் என்றேன். "அது இதில் எங்கே?" என்று கேட்டுத் தாளைத் திருப்பித் தந்துவிட்டு, மறுபடி பேப்பரை விரித்துக்கொண்டார். அப்புறம் தேர்வில் 9க்கு 7 வந்தது. ஆனால் அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

தேக்கா மணி
அண்ணே, மனப்பாடத்தை இப்படி அடிக்காதீர்கள். ஓவர்டைம் முடித்துவிட்டு டார்மெட்டரியில் (தொழிலாளர் விடுதியில்) மேல்கட்டிலில் உட்கார்ந்து படித்தவன் நான். கட்டடம் எழும்பும்வரை சாரம் வேண்டாமா?

என் கதை வேறு. வேலைக்கும் குடியேற்றத்துக்குமான ஜெனரல் ட்ரெயினிங் வகை, டாஸ்க் 1 கடிதம். வீட்டில் ஒரு பொருள் பழுதாகிவிட்டது, வீட்டு ஓனருக்கு எழுது என்று கேள்வி. அப்போது நான் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அந்த வாரம் முழுக்க ஏர்கான் ஒழுகி, வாளி வைத்துத்தான் தூக்கம். விடுவேனா? மெத்தை எந்தப் பக்கம் நனைந்தது, எத்தனை மெசேஜுக்குப் பதில் இல்லை, எல்லாம் எழுதினேன். 150 சொல் கேட்ட இடத்தில் திரையின் மூலையில் 260 என்று காட்டியது. எந்த டெம்ப்ளேட்டும் நினைவுக்கு வரவில்லை, அதுவும் உண்மைதான். வெளியே வந்ததும் தோன்றியது, அதை அப்படியே ஓனருக்கே அனுப்பியிருக்கலாம்.

பீஷான் பையன்
நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். பள்ளியில் ஓ லெவல் தேர்வில் ஆங்கிலத்துக்கு ஏ2, அதாவது இரண்டாவது உயர்ந்த கிரேடு. கனடாவில் குடியேற விண்ணப்பிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் தேர்வு எழுதியாக வேண்டும் என்பதால், நானும் மனைவியும் ஒரே நாளில் எழுதினோம். அவர் திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்தவர். வீட்டில் ஆங்கிலக் கடிதம் எதுவானாலும் என்னிடம்தான் வரும்.

கோப்பிக் கடையில் பிராட்டா சாப்பிடும்போது முடிவு வந்தது. எனக்குக் கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் 8க்கு மேல், ரைட்டிங் 6.5. நிமிர்ந்து பார்த்தால் அவர் தன் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "பிராட்டா ஆறிடும், சாப்பிடுங்க" என்கிறார். அதிலேயே தெரிந்துவிட்டது. 7.5.

நைட் ஷிப்ட் அக்கா
என் கதை ஒரு வரிதான்: பக்கத்து இருக்கைப் பெண் கீபோர்டைத் தட்டிய வேகத்தைக் கேட்டதில் என் முதல் பத்தியே மறந்துபோனது.

மணி, சாரத்தைப் பிரிக்காமல் வீட்டை விற்க முடியுமா? மனப்பாடம் செய்த வரிகளைக் கண்டுகொள்ளப் பயிற்சி பெற்றவர்கள்தான் தேர்வாளர்கள். அதோடு கடிதத்துக்கு 260 சொல் வீண் செலவு. டாஸ்க் 2க்கு இரண்டு மடங்கு எடை. இருக்கிற 60 நிமிடத்தில் 40 அதற்குப் போக வேண்டும். நான் அதைத்தான் முதலில் எழுதுவேன், யாரும் தடுப்பதில்லை. 250 சொல்லுக்குக் குறைந்தால் மதிப்பெண் போகும். கம்ப்யூட்டரில் எழுத்துப்பிழையைச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டாது, அதனால் வீட்டில் பழகும்போதும் அதை அணைத்துவையுங்கள்.

பீஷான் தம்பி, ஆபீஸ் ஆங்கிலம் வேறு, இது வேறு. கேள்விக்கு விடை சொன்னாயா, கருத்து கோவையாகப் போகிறதா, சொல்வளம், இலக்கணம் என்று நான்குக்கும் சமமாகத்தான் போடுவார்கள். நம் ஊர் ஆட்கள் இலக்கணத்தில் தப்பித்து முதலாவதில் விழுவார்கள். ஒரு பக்கமும் சாயாமல் மழுப்புவது அலுவலக மெயிலில் செல்லும், இங்கே செல்லாது. முடிவு வந்து ஆறு வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம். மதிப்பெண் ஏறினால் கட்டிய பணம் திரும்ப வரும். ஒரு பகுதியை மட்டும் திருப்பி எழுதும் வசதியும் வந்துவிட்டது, முதல் தேர்விலிருந்து 60 நாளுக்குள். ஆனால் போகிற நாடு அதை ஏற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டு. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய மற்றதில் 7 கேட்டாலும் ரைட்டிங்கில் 6.5 போதும் என்று 2018 கடைசியில் குறைத்தார்கள். உன் 6.5ஐ வைத்துக்கொண்டு அங்கே நர்ஸாகப் போ என்று சொல்லலாம், ஊசி போடத் தெரியுமா?

பீஷான் பையன்
அக்கா, நான் யோசனை எதுவும் கேட்கவில்லையே! ஆறு வாரம் எப்போதோ தாண்டிவிட்டது. மனைவியிடம் இதைக் காட்டினேன். ஊசி வரியைத் தன் அம்மாவுக்கு அனுப்பிவிட்டார்.