மறுமொழி: 'நின்ற அலை', 'தடங்கல்', இன்னும் முடியாத பொருத்தம்

கிளிநொச்சியிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். அன்ரனா வகுப்புக் கைந்நூல் திங்கட்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். படமும் சூத்திரமும் சரி, மூன்று சொற்கள்தான் இழுபடுகின்றன: impedance, standing wave, mismatch மூன்றுக்கும் தமிழில் என்ன போடுவது என்பதுதான் கேள்வி.

impedance-க்கு வவுனியா அக்கா முன்பு எழுதிய 'தடங்கல்' எங்கள் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பழகிய சொல். ஆனால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று வானொலியில் கேட்டு வளர்ந்த பெடியன் '50 ஓம் தடங்கல் கேபிள்' என்று வாசித்தால் என்ன நினைப்பான்? போன வகுப்பில் ஒருவன் கேபிளின் நடுக்கம்பியிலும் வெளி வலையிலும் மல்டிமீற்றரை வைத்தான். மறுமுனை திறந்து கிடந்தது, முள் அசையவில்லை. "சேர், அந்த 50 எங்கே?" என்றான். நியாயமான கேள்வி. அது கம்பி மறிக்கும் அளவு அல்ல. கேபிள் வழியே ஓடும் அலையின் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம். கேபிளை எவ்வளவு நீட்டினாலும் மாறாது. தமிழ்நாட்டு 'மின்னெதிர்ப்பு' இன்னும் சண்டைக்கு நிற்கிற சொல். மறிப்பு என்ற கருத்தே வராத சொல் யாரிடமாவது உண்டா?

ரொறன்ரோவிலிருந்து:

தம்பி, தடங்கலைப் பிறகு பார்ப்போம். standing wave-க்கு 'நின்ற அலை' என்பது முதலில் பிழை. அலை என்றாலே அலைவது, அலைச்சலும் அதன் பிள்ளை. அலைவது எப்படி நிற்கும்? ஊறுகாய் போல வினைத்தொகையாக்குங்கள். நில் + அலை, தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டிக்க, 'நில்லலை'. முக்காலமும் அடங்கும்.

வவுனியாவிலிருந்து:

ஐயா, புணர்ச்சி சரிதான். வகுப்பில் வாசித்துக் காட்டினேன், பாதிப்பேர் 'நில்லா அலை' என்று எழுதினார்கள். இருந்தாலும் ஒரு விதத்தில் ஐயா சொல்வது உண்மை. கேபிளில் போகிற அலையும் அன்ரனாவில் பட்டுத் திரும்புகிற அலையும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து போடும் கோலம்தான் நிற்கிறது. 100 மெகாஹேட்ஸில், வேகக் காரணி 0.66 உள்ள (அலை ஒளிவேகத்தில் 0.66 பங்கு வேகத்தில் ஓடும்) கேபிளில், முரண்கணுக்கள், அதாவது கோலம் உச்சமாக ஆடும் இடங்கள், ஏறக்குறைய ஒவ்வொரு மீற்றருக்கும் ஒன்று. 'நின்றகோலம்' என்றால் என்ன?

ரொறன்ரோவிலிருந்து:

பெருமாள் கோயிலில் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்று மூன்று உண்டு. மற்ற இரண்டுக்கும் எந்த அலை?

கிளிநொச்சியிலிருந்து:

கோயில் வாசலோடு திரும்புவோம். மூன்றாவது சொல்லில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அன்ரனாவும் கேபிளும் சேராததை, அதாவது mismatch-ஐ, 'இசைவின்மை' என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். அழகுதான், ஆனால் எங்கள் 'பரிவை' (resonance, தன் இயல்பான அதிர்வெண்ணில் ஆடுவது) தமிழ்நாட்டில் 'ஒத்திசைவு' என்றும் எழுதுகிறார்கள். மடித்த இருமுனை அன்ரனாவை (folded dipole) எடுங்கள். தன் அலைவரிசையில் பரிவோடுதான் நிற்கும், அதன் தடங்கல் ஏறக்குறைய 300 ஓம். அதைப் பழைய ரிவி அன்ரனாப் பெட்டியில் இருக்கும், 300ஐ 75 ஆக்கும் சின்னச் சுருள் இல்லாமல் 75 ஓம் கேபிளில் நேரே முறுக்கினால் நின்ற அலை விகிதம் (கேபிளில் மின்னழுத்தத்தின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள விகிதம்) 4, வலுவில் 36 வீதம் திரும்பிவிடும். பரிவு உண்டு, பொருத்தம் இல்லை. 'இசைவு' என்று போட்டால் இந்த இரண்டும் குழம்பும். சாதகம் பார்க்கிற ஊரில் பொருத்தம் என்றால் விளக்கமே வேண்டாம்.

புதுக்குடியிருப்பிலிருந்து:

நான் கடை வைத்திருப்பவன். மேசையில் எல்லாரும் 'எஸ்.டபிள்யூ.ஆர் (standing wave ratio) எவ்வளவு' என்றுதான் கேட்பார்கள். கைந்நூலில் 'நின்ற அலை விகிதம்' என்று போடுங்கள், பக்கத்தில் எங்கள் சொல்லையும் போடுங்கள். 1.5 வந்தால் 4 வீதம்தான் திரும்பும், விட்டுவிடலாம் என்பதையும் எழுதுங்கள். சொல்லைவிட அதுதான் பெடியளுக்கு வேண்டும்.

வவுனியாவிலிருந்து:

நின்ற அலை, பொருத்தமின்மை: மூன்று பேர் சரி என்கிறோம். தடங்கலுக்கு வேறு வழி தெரியவில்லை, அடிக்குறிப்போடு போகட்டும்.

ரொறன்ரோவிலிருந்து:

அச்சடியுங்கள். என் வாக்கு நில்லலைக்கே.