புதுப்பிப்பு: தம்பியின் இரவு விளையாட்டு

இரவெல்லாம் கைப்பேசியில் விளையாடும் என் தம்பிக்கு இருப்பது நோயா, பிடிவாதமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். அவனை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் இப்படிக் கட்டுப்பாடின்றி விளையாடுவது ஒரு கோளாறாக இடம்பெற்றிருந்தாலும், விளையாடும் மணிக்கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை என்றார் அவர். நிறுத்த இயலாமை, மற்ற அனைத்தையும்விட ஆட்டத்துக்கே முதலிடம், கெடுதல் நேர்ந்த பின்னும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாக 12 மாதங்களாவது நீடித்து, படிப்பையும் உறவுகளையும் கணிசமாகப் பாதித்திருக்க வேண்டும். தம்பிக்கு ஏழு மாதங்களே ஆகின்றன என்பதால், அவர் இன்னும் நோய் என்று உறுதி செய்யவில்லை. கைப்பேசியைப் பிடுங்கச் சொன்னவர்களுக்கு: பிடுங்கினோம், இரண்டு நாள் அவன் சாப்பிடவே இல்லை. இப்போது தூக்கத்தைச் சீராக்குவதிலிருந்து தொடங்கி, வாரம் ஒருமுறை ஆலோசனை நடக்கிறது. நேற்று பதினொரு மணிக்கு அவனே அணைத்துவிட்டுப் படுத்தான்.